நோட்டீஸ்ல விட்டுப்போன உப்பு

பாப்பா,

நீ இப்போ இஸ்கூல்ல இருக்க. இன்னிக்குத்தான் கடைசி நாளு. மூணரைக்கு வந்து டிசி வாங்கிக்கினு உன்னையும் கூட்டினு போகச் சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலைல கடம்பத்தூர்லருந்து உன் பெரியம்மா வந்து உன்ன அழைச்சிக்கினு போயிடுவா. மூணரை ஆக இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. உன் மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாதத இந்த நாலு மணி நேரத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். உனக்கு இப்போ ஆறு வயசு. எழுத்துக்கூட்டி கடை போர்டெல்லாம் படிக்கிற, ஆனா இத படிக்க உனக்கு வயசு பத்தாது. கவர்ல போட்டு ஒட்டி பெரியம்மாகிட்ட குடுத்துடப் போறேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகட்டும், இல்ல அதுக்கு முன்னாடியே என்னிக்காவது நீ "எங்கம்மா எப்டி செத்தாங்க"ன்னு கேளு, அன்னிக்கு இது உன் கைக்கு வரும். அப்டின்னா இத படிக்கிறது ஒரு பெரிய பொண்ணு. அந்தப் பொண்ணு எப்டி இருப்பான்னு எனக்குத் தெரியல. என் மேல கோவமா இருப்பியா, என்ன மறந்தே இருப்பியா, அதுவும் தெரியல. எனக்குத் தெரிஞ்சது, மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி கைய ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து, அப்பறமும் சோத்துல கை வைக்காம ஒக்காந்திருக்கற பொண்ணுதான். அவளுக்காகத்தான் எழுதறேன்.

முதல்ல நான் இன்னா வேலை பாக்கறேன்னு சொல்லிடறேன், ஏன்னா எல்லாம் அதுலருந்துதான் வந்துச்சு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல தக்காளி சாஸ் போடற கம்பெனில லேப்ல இருக்கேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அதுக்கு மேல உணவு பதப்படுத்தறதுல ஒரு டிப்ளமா. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் எவ்ளோ கெட்டியா இருக்கு, எவ்ளோ புளிப்பு, எவ்ளோ உப்பு, இது மூணும் பாத்து ரிஜிஸ்டர்ல எழுதி கையெழுத்து போட்டாதான் பாட்டில்ல ஊத்துவாங்க. உப்பு பாக்கறதுக்கு சில்வர் நைட்ரேட்னு ஒரு கரைசல். பாக்க தண்ணி மாதிரி இருக்கும். விரல்ல பட்டா அப்போ ஒண்ணும் தெரியாது, வெயில்ல போனா கருப்பாயிடும். எவ்ளோ தேச்சாலும் போவாது. கல்யாணமான புதுசுல உங்கம்மா என் விரலப் புடிச்சுப் பாத்துட்டு, "இன்னாங்க இது, மருதாணி வச்சுக்கினு தீஞ்சு போச்சா?"ன்னு கேட்டா. உப்பு டெஸ்ட் பண்ற மருந்துன்னு சொன்னேன். "ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடப்போவுது, அதுக்கு கம்பெனி சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கா?"ன்னு சிரிச்சா. அன்னிலருந்து கோவம் வந்தா, கொஞ்சல் வந்தா, எது வந்தாலும் நான் "லேபுகாரர்"தான் அவளுக்கு.

பொண்ணு பாக்கப் போனப்போ அவ என்கிட்ட கேட்ட முதல் கேள்வியே, "அப்போ உங்க கம்பெனில தக்காளி சும்மா குடுப்பாங்களா?" நான் உண்மைய சொன்னேன், எங்க கம்பெனில தக்காளியே கெடையாதுன்னு. ஆந்திராலருந்து பேரல்ல கூழா வரும். ஏற்கெனவே காய்ச்சி சுண்ட வச்ச கூழு. நாங்க அதுல தண்ணி, சர்க்கரை, வினிகர், உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எல்லாம் போட்டு இன்னொரு வாட்டி காய்ச்சுவோம். இத்தினி வருஷத்துல முழு தக்காளி ஒண்ணு அந்த கேட்டுக்குள்ள வந்துச்சுன்னா அது எவனாவது சாப்பாட்டு டப்பால கொண்டாந்ததா இருக்கும். கடம்பத்தூர்ல கொல்லையிலயே தக்காளி போட்ட ஊட்டுப் பொண்ணு அவ. அவளுக்கு சிரிப்பு தாங்கல. "தக்காளி இல்லாத தக்காளி கம்பெனியா? நல்லா இருக்கே"ன்னு உங்க பெரியம்மா தோள்ல சாஞ்சு சிரிச்சா. அந்த சிரிப்புக்கே நான் சரின்னு சொல்லிட்டேன். இது நல்ல விஷயம், உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும். இதுக்கு மேல நல்ல விஷயம் கொஞ்சந்தான் வரும்.

நீ எல்கேஜி போன வருஷம் மெட்ராஸ் ஆபீஸ்லருந்து மார்க்கெட்டிங் ஆளு ஒருத்தர் வந்தாரு. இஸ்கூல் இஸ்கூலா போயி பசங்களுக்கு சின்ன பாக்கெட் சாஸும் ஒரு நோட்டீஸும் குடுக்கப் போறாங்களாம். நோட்டீஸ்ல ஒரு பக்கம் தக்காளி படம், இன்னொரு பக்கம் எங்க பாட்டில் படம், நடுவுல எதுல இன்னா சத்துன்னு ஒரு அட்டவணை. அந்த அட்டவணைய லேப்ல போட்டுத் தரணும்னு மேனேஜர் என்கிட்ட குடுத்தாரு. நான் ஒழுங்காத்தான் போட்டேன். வேக வைக்காத தக்காளிப் பழத்துல பெரும்பங்கு தண்ணி, கொஞ்சூண்டு சர்க்கரை, உப்புன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, வைட்டமின் சி நல்லா இருக்கு. சாஸ்ல நாலுல ஒரு பங்கு கிட்ட சர்க்கரை, நூறு கிராமுக்கு மூணு கிராம் கிட்ட உப்பு, வைட்டமின் சி காய்ச்சினதுல முக்காவாசி போயிருக்கு. சாஸ் ஜெயிக்கறது ஒரே எடத்துலதான், லைக்கோபீன்ல. தக்காளிக்கு செகப்பு குடுக்கற சத்து அது. சுண்டக் காய்ச்சினதால சாஸ்ல பல மடங்கு இருக்கும், வெந்ததால ஒடம்புல நல்லாவும் ஒட்டும். இது பொய்யில்ல. ஊட்ல தக்காளிய எண்ணெயில வதக்கினாலும் அதேதான்னு நாங்க யாரும் எழுதல, அவ்ளோதான்.

மார்க்கெட்டிங் ஆளு என் அட்டவணைய பாத்துட்டு மேனேஜர பாத்தாரு. மேனேஜர் நாயுடுபேட்டை பக்கத்து ஆளு, என்ன எப்பவும் நைனான்னுதான் கூப்பிடுவாரு. "நைனா, சட்டத்துல உப்பு எவ்ளோன்னு போடச் சொல்லியிருக்கா?"ன்னு கேட்டாரு. இல்ல சார், லேபிள்ல கட்டாயம் கெடையாதுன்னேன். "கேக்காத கேள்விக்கு நீ ஏன் பதில் எழுதற?" அவ்ளோதான் பேச்சு. நான் உப்பு வரிய எடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல அந்த வரிய செலக்ட் பண்ணி ஒரு பட்டன அமுக்கினேன். சர்க்கரை வரிய என்னா பண்றதுன்னு அவங்க யோசிக்கறப்போ, யோசனை சொன்னதும் நான்தான். லைக்கோபீன மட்டும் நூறு கிராமுக்குப் போடுங்க, சர்க்கரைய ஒரு ஸ்பூனுக்குப் போடுங்க, கம்மியா தெரியும்னு. மார்க்கெட்டிங் ஆளு எழுந்து வந்து கை குடுத்தாரு. எனக்கு அன்னிக்கு சந்தோஷமா இருந்துச்சு. லேபுக்குள்ளயே கெடக்கற ஆளுக்கு யாரு வந்து கை குடுப்பாங்க?

அந்த நோட்டீஸ ஊட்டுக்குக் கொண்டாந்தேன். உங்கம்மா அத வாசல் வரைக்கும் எடுத்துக்கினு போயி பக்கத்து ஊட்டு அக்காகிட்ட காட்டினா. "எங்க ஊட்டுக்காரரு போட்டதுக்கா"ன்னா. அப்பறம் பிரிட்ஜ் மேல செல்லோடேப்பு போட்டு ஒட்டினா. மழைல தக்காளி கெடைக்காத ஒரு வாரம், அந்த நோட்டீஸ நம்பி ரசத்துல சாஸ் ஊத்திட்டா. உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. பாயாசமாட்டம் இனிக்குது, மேல பூண்டு மெதக்குது. நீ ஒரு வாய் குடிச்சிட்டு துப்பின. நான் சிரிச்சேன். "இன்னா சிரிப்பு? நூறு தக்காளி சத்து இதுல இருக்குன்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க"ன்னா. நூறுன்னு எழுதலடி, நூறு கிராமுக்குன்னு எழுதியிருக்கேன்னேன். "எனக்கு இன்னா தெரியும், நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்"ன்னு சொல்லிட்டு, சட்டிய தொட்டில கவுத்தா. சிரிச்சுக்கினேதான் சொன்னா. நானும் அத சிரிப்பாவே வச்சுக்கினேன்.

நீ பொறந்தப்போ அவளுக்கு பிரஷர் ஏறிச்சு. பொறந்ததுக்கு அப்பறம் எறங்கிடும்னு சொன்னாங்க, எறங்கல. நீ யூகேஜி போறப்போ கால் வீங்க ஆரம்பிச்சுது. வெள்ளி மெட்டி விரல்ல இறுகி, சோப்பு போட்டு கழட்ட வேண்டியதாச்சு. திருவள்ளூர்ல காட்டி, மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில காட்டி, கிட்னி பாதிக்கு மேல போயிருக்குன்னு சொன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. டாக்டரு நல்ல மனுஷன், பொறுமையா சொன்னாரு: "மாத்திரைய விட முக்கியம் உப்பு. நாள் முழுக்க, சமையல்ல போடறது, மேல போட்டுக்கறது, எல்லாம் சேத்து அரை டீஸ்பூன். அதுக்கு மேல போச்சுன்னா தண்ணி ஒடம்புலயே நிக்கும், நெஞ்சுக்கு ஏறும்." ஊறுகா சாப்பிடறீங்களா, அப்பளம், கருவாடு, சிப்ஸுன்னு கேட்டாரு. எல்லாத்தையும் நிறுத்திடறோம்னு சொன்னோம். நெசமாவே நிறுத்திட்டோம். வந்த அன்னிக்கே ஊறுகா ஜாடிய பக்கத்து ஊட்டுக்குக் குடுத்தேன். டப்பால ஒரு நாளைக்கு அரை ஸ்பூன் அளந்து வச்சு, அதுலதான் சமைக்கணும்னு சொன்னேன். லேபுகாரன் இல்ல? அளக்கறதுல கெட்டிக்காரன்.

அவளால திங்க முடியல பாப்பா. சப்புன்னு சோறு, சப்புன்னு கொழம்பு. ரெண்டு வாய் வச்சுட்டு தட்ட தள்ளிடுவா. "சுண்ணாம்பு தின்றாப்பல இருக்குங்க"ன்னு அழுவா. பத்து நாள்ல மூஞ்சி சுருங்கிப்போச்சு. அப்போ ஒரு நாள் நீ இட்லிக்கு சாஸ் தொட்டு தின்னுக்கினு இருந்த. அவ பிரிட்ஜப் பாத்தா, என்னப் பாத்தா. "ஏங்க, இதுல உப்பு இருக்கா?"

இதத்தான் நீ நல்லா படிக்கணும். நான் பொய் சொல்லல. மனசுலயே கணக்கு போட்டுட்டு, "ஒரு ஸ்பூன்ல அரை கிராம் கூட வராது, தொட்டுக்கோ"ன்னேன். அது சரியான பதிலுதான். எந்த லேப்ல கொண்டுபோயி குடுத்தாலும் அதத்தான் சொல்லுவாங்க. ஒரு ஸ்பூனுன்னு நான் சொன்னது நோட்டீஸ்ல இருந்த ஸ்பூனு. அவ தட்டுல ஊத்தினது ஸ்பூன் இல்ல. எந்த ஊட்லயும் அத யாரும் ஸ்பூன்ல அளந்து ஊத்தறதில்ல. பாட்டில கவுத்து, அடியில ரெண்டு தட்டு தட்டி, கொழகொழன்னு விழறதுதான் அளவு. அவ சாப்பிட ஆரம்பிச்சா. இட்லிக்கு, உப்புமாவுக்கு, தயிர் சோத்துக்குக் கூட. எனக்கு உசுரு வந்தாப்பல இருந்துச்சு. பாட்டில் தீந்தா கொண்டாந்து வச்சேன். நாலு நாளைக்கு ஒரு பாட்டில் தீந்துச்சு. கொண்டாந்தவன் நானு, எண்ணத் தெரிஞ்சவன் நானு, நான் எண்ணல.

நான் கொண்டாந்தது கடை பாட்டில் இல்ல. ஒவ்வொரு பேட்ச்சுலயும் ரெண்டு பாட்டில் லேப்ல எடுத்து வைப்போம், நாளைக்கு யாராவது கம்ப்ளெயிண்ட் பண்ணா எடுத்துப் பாக்கறதுக்கு. கெடு முடியறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி அத ஸ்டாஃபு பிரிச்சு எடுத்துப்போம். அதுல கம்பெனி லேபிள் இருக்காது. வெள்ளையா ஒரு ஸ்டிக்கரு, அதுல என் கையெழுத்து. பேட்ச் நம்பரு, தேதி, கெட்டி இவ்ளோ, புளிப்பு இவ்ளோ, உப்பு 2.9. எல்லா பாட்டில்லயும் இருந்துச்சு. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல, மூணு வேளையும். உனக்கு அப்போதான் புள்ளி வச்ச நம்பர் படிக்க ஆச. நீ அந்த ஸ்டிக்கர விரல் வச்சு படிப்ப: "ரெண்டு... புள்ளி... ஒம்பது!" நான் கை தட்டினேன். உங்கம்மா, "லேபுகாரர் பொண்ணாச்சே"ன்னு உன் கன்னத்த கிள்ளினா. ஒரு நாள் 3.0 வந்துச்சு, நீ "மூணு புள்ளி முட்டை"ன்ன. அன்னிக்கு மூணு பேரும் சிரிச்சோம். நீ சொல்லிட்ட பாப்பா. ஆறு வயசுல நீ மட்டுந்தான் அந்த ஊட்ல அத வாய்விட்டு சொன்னவ. உப்பு 3.1 தாண்டினா பேட்ச்ச நிறுத்தி வைக்கற அதிகாரம் இருக்கற ஆளு நான், எதிர்ல உக்காந்து நாஷ்டா துன்னுக்கினு இருந்தேன்.

அவளுக்கு கை நடுங்க ஆரம்பிச்சப்பறம் நீதான் ஊட்டின. தட்டு ஓரத்துல சாஸ ஊத்தி, சின்னச் சின்ன உருண்டையா புடிச்சு, அதுல தொட்டு, "ஆ காட்டும்மா, இன்னும் பெரிய ஆ"ன்னு. நான் குடுத்தா அவ துன்னமாட்டா, நீ குடுத்தா துன்னுவா. நான் அத கதவாண்ட நின்னு பாத்திருக்கேன். அதவிட அழகா ஒண்ண நான் பாத்ததில்ல. இப்பவும் அதத்தான் சொல்லுவேன்.

ஒரு செவ்வாக்கெழம காலைல, உனக்கு தலை பின்னிக்கினு இருந்தப்போ அவளுக்கு மூச்சு வாங்குச்சு. ஒரு சடை பின்னிட்டா, இன்னொண்ணு பாதில நின்னுச்சு. உன்ன பக்கத்து ஊட்ல விட்டுட்டு வண்டி புடிச்சு மெட்ராஸுக்குப் போனோம். ஜிஎன்டி ரோட்டுல லாரி லாரியா நிக்குது. "படுத்தா மூச்சு வரல, என்ன உக்கார வைங்க"ன்னா. உக்கார வச்சேன். "பாப்பாவுக்கு ரிப்பன் ஒண்ணுதான் கட்டினேன்"ன்னா. ரெட்ஹில்ஸ் தாண்டல.

பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு நடந்தத நீ மறந்திருந்தா நல்லது. மறக்கலன்னு எனக்குத் தெரியும். ஊடு நெறைய ஜனம். கூடத்துல உக்காந்துக்கினு என் அக்கா, உன் அத்தை, யாருக்கோ சொல்லிக்கினு இருந்தா.

"உப்பே ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். இந்தக் கொயந்த பாட்டில் பாட்டிலா அந்த செகப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தி ஊட்டியிருக்கு. கையாலயே குடுத்திருக்கு, பாவம்."

"கம்முனு இருங்கக்கா, கொயந்த அங்கதான் நிக்குது"ன்னு உன் பெரியம்மா சொன்னா.

"நான் இன்னா இல்லாததா சொல்றேன்? அதுக்கு இன்னா தெரியும், பச்ச மண்ணு. எல்லாம் தலையெழுத்து."

நீ தூண் பக்கத்துல நின்னுக்கினு இருந்த. உன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்த. நானும் அங்கதான் இருந்தேன், மூணடி தள்ளி, மொட்டைத் தலையோட. நான் வாயத் தொறக்கல. அதிர்ச்சில பேச்சு வரலன்னு பெரியம்மா நெனச்சுக்கினா. அது இல்ல. நெசத்த எழுதணும்னுதான உக்காந்தேன், எழுதிடறேன். அக்கா உன்ன சொன்னப்போ எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு. ஒரு செகண்டுதான், ஆனா வந்துச்சு. எல்லாரும் உன்னப் பாத்தாங்க, உச்சு கொட்டினாங்க. என்ன யாரும் பாக்கல. பாட்டில் எங்கருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ. கேக்காத கேள்விக்கு நான் பதில் எழுதல. சாஸ தொட்டுக்கோன்னு சொன்னத விட, இதுதான் பாப்பா நான் பண்ணதுலயே கேவலமானது. ஆறு வயசுக் கொயந்த பின்னாடி போயி ஒளிஞ்சுக்கினேன்.

ஜனம் எல்லாம் போனப்பறம் ஒரு மத்தியானம் பிரிட்ஜ தொறந்தேன். கடைசி பாட்டில் பாதி இருந்துச்சு. ஸ்டிக்கர் எனக்கு நேரா இருந்துச்சு. அப்போதான் படிச்சேன். நான் எழுதினத நான் அப்போதான் படிச்சேன். நோட்டு எடுத்து கணக்கு போட்டேன். நாலு நாளைக்கு ஒரு அரைக்கிலோ பாட்டில், உன் பங்கு என் பங்கு கழிச்சு அவளுக்கு மட்டும் ஒரு நாளைக்கு நூறு கிராம். நூறு கிராமுக்கு ரெண்டு புள்ளி ஒம்பது. டாக்டரு நாள் முழுக்க குடுத்த அரை ஸ்பூனும் அதுலயே போச்சு. சமையல்ல நான் அளந்து வச்ச அரை ஸ்பூனு அதுக்கு மேல. ரெண்டு மடங்கு. மூணு மாசம். நோட்டீஸ்ல லைக்கோபீனுக்குத்தான் நூறு கிராம் போட்டேன், சாஸ்ல கெட்டதுக்கு ஸ்பூன் கணக்கு போட்டேன். உங்கம்மா நெசமாவே நூறு கிராம் துன்னா.

அந்த நோட்ட எடுத்துக்கினு டாக்டருகிட்ட போனேன். அவரு கண்ணாடி போட்டு பூரா பாத்தாரு. "கிட்னி எப்டியும் போய்க்கினுதான் இருந்துச்சு. இதாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது. மருந்து குடுத்தும் அவங்களுக்கு ஏன் வீக்கம் வத்தலன்னு நான் யோசிச்சேன்"ன்னாரு. நோட்ட மூடி என்கிட்ட குடுத்துட்டு, "சாஸ் சாப்பிடறீங்களான்னு கேக்க எனக்குத் தோணல"ன்னாரு. அவரு கேக்கல, அவ சொல்லல, நான் எண்ணல. ஆனா மூணு பேர்ல சரியான நம்பரு வச்சுக்கினு இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

வேலைய விட்டுட்டியான்னு நீ கேப்ப. விடல. பதினேழாம் நாள் போயி கார்டு பஞ்ச் பண்ணேன். இன்னிக்கு வரைக்கும் தெனம் சில்வர் நைட்ரேட் ஊத்திக்கினுதான் இருக்கேன். நோட்டீஸ மறுபடி அடிக்கறாங்கன்னு தெரிஞ்சு, உப்பு வரிய போடணும்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். "நைனா, உன் மனசு எனக்குப் புரியுது. பத்து நாள் லீவ் போடு"ன்னாரு. லீவ் போட்டேன். நோட்டீஸ் அப்டியேதான் அடிச்சாங்க. இப்போ தேர்வாய் கண்டிகை பக்கம் இஸ்கூல்ல குடுத்துக்கினு இருக்காங்க. சண்ட போட்டிருக்கலாம், பேப்பர்காரன்கிட்ட போயிருக்கலாம். எனக்கு எதுவும் தோணல. கை வேலை பாக்குது, காலு பஸ்ஸு ஏறுது, நடுவுல இருக்கற ஆளு எங்கயோ போயிட்டான். அதனாலதான் உன்ன பெரியம்மாகிட்ட அனுப்பறேன். ஷிப்ட் வேலை, பாத்துக்க ஆளில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அதுவும் ஒரு வரி விட்ட அட்டவணைதான். உன் எதிர்ல உக்காந்து சாப்பிட என்னால முடியல, அதான் நெசம்.

ஏன்னா காரியத்துக்கு அப்பறம் நீ செகப்பா எதையும் தொடறதில்ல. தக்காளி சட்னி வேணாம், ரசம் வேணாம், தர்பூசணி கூட வேணாம். தட்டு வச்சா என்னப் பாத்து, "இதுல உப்பு எவ்ளோப்பா?"ன்னு கேக்கற. நேத்து காலைல ஒரு தக்காளிய கழுவி, நாலா நறுக்கி உன் முன்னாடி வச்சேன். இதுல உப்பே இல்ல பாப்பா, சும்மா தண்ணியும் புளிப்பும்தான், உங்கம்மா கொல்லையில பறிச்சு அப்டியே துன்னுவான்னு சொன்னேன். ரொம்ப நேரம் பாத்த. ஒரு துண்ட எடுத்த. நீ அத உன் வாய்க்கு கொண்டுபோகல, என் பக்கம் நீட்டின. பழக்கம். நான் ஆ காட்டினேன். பாதில உனக்கு ஞாபகம் வந்திடுச்சு. துண்ட தட்டுல வச்சிட்டு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கினு, "வேணாம்ப்பா, நீயும் செத்துடுவ"ன்ன.

நான் அப்பவே சொல்லியிருக்கணும். உன்ன மடில தூக்கி வச்சு, உன் கை ஒண்ணும் பண்ணல, அப்பாதான்னு சொல்லியிருக்கணும். தொறந்த வாயோட உக்காந்திருந்தேன். சாயங்காலம் சொல்லலாம்னு நெனச்சேன், சொல்லல. இன்னிக்கு மூணரைக்கு உன்ன கூட்டினு வரப்போ சொல்லணும்னு இத எழுதிப் பாத்துக்கறேன். அப்பவும் வாய் வரலன்னா, இந்தக் காயிதம் சொல்லட்டும். அதுவரைக்கும் நீ அத சுமந்துக்கினே வளந்திருந்தா, அதுக்கும் காரணம் நான்தான்.

பெரிய பொண்ணா இத படிக்கறவளே, உனக்கு புத்தி சொல்ற யோக்கியதை எனக்கில்ல. தெரிஞ்ச ஒண்ண மட்டும் சொல்றேன். இதவிட இது நல்லதுன்னு யாராவது ரெண்டு பொருள பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினா, எந்த வரி இல்லன்னு பாரு. எவ்ளோ அளவுக்கு சொல்றாங்கன்னு கேளு. சொல்றவன் உன் ஊட்டுக்காரனா இருந்தாலும் கேளு. ரொம்ப ஆசையா இருக்கறவன், ரொம்ப படிச்சவன், அவனத்தான் ரெண்டு வாட்டி கேக்கணும். உங்கம்மா என்ன ஒரு வாட்டிதான் கேட்டா.

இந்தக் கவர்ல ரெண்டு பொருள் வச்சிருக்கேன். ஒண்ணு பிரிட்ஜ்லருந்து பிச்ச நோட்டீஸு. கீழ நான் பேனாவால ஒரு வரி சேத்திருக்கேன்: உப்பு, நூறு கிராமுக்கு. தக்காளில ஒண்ணுமில்ல, சாஸ்ல 2.9. பக்கத்துல என் கையெழுத்தும் போட்டிருக்கேன், ரிஜிஸ்டர்ல போடறாப்பல. இன்னொண்ணு கடைசி பாட்டில்லருந்து உரிச்ச ஸ்டிக்கரு. உன் அத்தையோ வேற யாரோ இன்னும் அந்தப் பேச்ச பேசினா, இது ரெண்டையும் எடுத்துக் காட்டு. எங்கப்பன் கையெழுத்துன்னு சொல்லு. என் விரல்ல கருப்பு இருக்கறத நீ சின்ன வயசுல பாத்திருப்ப. உன் கையில ஒண்ணுமே இல்ல பாப்பா. நல்லா வெளிச்சத்துல வச்சுப் பாரு.

மணி மூணு ஆவுது. நான் கெளம்பணும். படிச்சு முடிச்சிட்டன்னா எனக்கு பதில் எழுதாத, அழாத. கைய ஒரே ஒரு வாட்டி கழுவு. ஒரு வாய் சோறு பெசஞ்சு, பக்கத்துல யார் இருக்காங்களோ, உன் கையால அவங்களுக்கு ஊட்டி விடு.

உன் அப்பா